கலைச்சது என்றால்

அந்த நாவலை நான் நூலகத்திலிருந்து எடுத்து வந்ததற்கும் இலக்கியத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த நூலக அம்மையார் அதைக் கையில் எடுத்ததும் குரலைத் தாழ்த்தினார். இந்தப் புத்தகத்தால் நிறையப் பேர் கொதித்துப் போயிருக்கிறார்கள், எழுதியவரே சொந்த நாட்டுக்குப் போக முடியாமல் இருக்கிறார் என்று கூட வேலை செய்த பெண்ணிடம் சொன்னார். பின்னால் நின்ற நான் காதைக் கூர்மையாக்கினேன். குரலைத் தாழ்த்திப் பேசுகிற புத்தகம் என்றால் அந்த நாட்களில் என் மூளைக்கு ஒரே ஒரு வகைதான் தெரியும்.

புத்தகத்தைக் கடைப் பைக்குள், கோவா என்று நாங்கள் சொல்கிற முட்டைக்கோசு ஒன்றுக்குக் கீழே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி வேலையால் வருவதற்குள் முக்கியமான இடங்களைப் பார்த்துவிடலாம் என்று தாள்களை வேகமாகப் புரட்டினேன். எண்பதாம் பக்கம் வரைக்கும் ஒருவரும் மேற்சட்டையின் ஒரு பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. இஸ்தான்புல்லில் ஒரு வீடு. அதில் வயதான ஒரு தாய் குளிருக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். ஏமாந்து போனவனின் கோபத்தோடு புத்தகத்தை மூடப் போன நேரத்தில்தான் அந்த வரி கண்ணில் பட்டது. தாய் தனியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு ஊசியில் கண்ணிகளை எண்ணுகிறாள். கதவுக்கு வெளியே நின்ற மகனுக்கு அந்த எண்கள் விளங்கவில்லை. அவை துருக்கிய மொழி எண்கள் இல்லை.

மனைவி வந்து விளக்கைப் போட்டபோது நான் கோவாவை மடியில் வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். என்ன இருட்டில் என்று கேட்டாள். துருக்கி என்றேன். கோவாவைக் காட்டி, இது சமைக்கிறதா என்று கேட்டாள்.

இது எண்பதுகளின் கடைசிப் பக்கம். நான் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஒக்லாந்துக்கு வந்த பிறகு மங்கரேயில் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில், பெட்டியில் ஒட்டியிருக்கிற சீட்டும் பெட்டியும் ஒரே ஊருக்குத்தான் போகின்றனவா என்று பார்க்கும் உத்தியோகம். கணக்குப் படித்த மூளைக்கு அது போதுமான சவால் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

தமிழ்ப் புத்தகத்துக்கு அப்போது பெரிய பஞ்சம். இந்தியாவிலிருந்து கப்பலில் வரும் வார இதழ்கள், தொடர்கதையின் மூன்றாவது அத்தியாயமும் பதினோராவது அத்தியாயமுமாக வந்து சேரும். இடையில் கதாநாயகி யாரைக் கட்டினாள் என்பதை நாங்கள்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். அதனால் மூன்று குடும்பம் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒருவர் தான் வாசித்த ஓர் ஆங்கில நாவலை மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். என் மனைவி ஒரு துப்பறியும் கதை சொன்னாள். நாங்கள் பயப்படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் கொலைகாரன் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினாள்.

மற்ற இரண்டு குடும்பங்களில் ஒன்று பக்குரங்காவில் இருந்த பல் டாக்டருடையது. மதுரைப் பக்கத்துக்காரர். எங்கள் எல்லோருக்கும் முன்பே வந்து வீடு வாங்கி, மோட்கேஜும் கட்டி, புல்லும் வெட்டிக்கொண்டிருந்தவர். நாங்கள் வந்து இறங்கியபோது போர்வை, பாத்திரம், குளிர்ச்சட்டை எல்லாம் காரில் ஏற்றிக்கொண்டு வந்து தந்த மனிதர். முதல் முறை நான் அவரிடம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஆறுதலாக இருந்து கதைப்போம் என்று சொன்னபோது கொஞ்சம் சங்கடப்பட்டார். அவர்கள் ஊரில் கதைக்கிறது என்றால் புளுகுவது என்று அர்த்தமாம். ஒரு பெரிய மனிதர் இவ்வளவு வெளிப்படையாகப் பொய் சொல்லக் கூப்பிடுகிறாரே என்று நினைத்திருக்கிறார். என்னோடு பழகிய பிறகு, முதலில் விளங்கியதுதான் சரி என்றார்.

மற்றது ஹில்ஸ்பரோவில் ரென்டுக்கு இருந்த எங்கள் ஊர்க் குடும்பம். கணவன், மனைவி, எட்டு வயது மகள். கணவர் ஆறடிக்கு மேல், அதற்கேற்ற அகலம். படம் வரையும் கம்பனி ஒன்றில் கட்டட வரைபடம் கீறுகிறவர். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் பேசுவார். அதில் நாலு 'ஓம்' ஆக இருக்கும். அவர்கள் கொழும்பில் இருந்தவர்கள். எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் வீடு எரிந்தது. வீட்டோடு எல்லாம் எரிந்தது. அந்தப் பிள்ளைக்கு அப்போது மூன்று வயது.

பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. தெரியக் கூடாது என்பது தகப்பன் வீட்டுக்குள் போட்ட சட்டம். அவர்கள் இங்கே வந்தது அப்பாவுக்கு நல்ல வேலை கிடைத்ததால். அவ்வளவுதான். புது நாட்டில் பிள்ளை பயமில்லாமல் வளர வேண்டும் என்பது அவர் நியாயம். அதில் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள், கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் கொண்டுபோனார்கள், இவளிடம் இல்லை. தாய் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். படமெல்லாம் ஒரு பையில் இருந்தது, விமானத்தில் வரும்போது அந்தப் பை தவறிப் போய்விட்டது என்று.

தவறிப் போன பை என்றால் பிள்ளை யாரிடம் போவாள்? விமான நிலையத்தில் வேலை செய்கிற அங்கிளிடம். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் கேட்பாள், பை வந்துவிட்டதா என்று. தாய் எனக்குக் கண்ணைக் காட்டுவாள். எனக்குச் சொல்லித் தரவா வேண்டும்? பை இப்போது ஹொனலூலூவில் இருக்கிறது, கடற்கரையில் வெயில் காய்கிறது, எனக்கே அப்படி ஒரு லீவு கிடைப்பதில்லை என்பேன். அடுத்த மாதம் அது பீஜிக்குப் போய்விடும். பிள்ளை சிரிப்பாள். ஆனால் அடுத்த முறையும் கேட்பாள். ஒரு நாள் தாய் என் மனைவியிடம் சமையலறையில் வைத்து, பொய் சொல்லிச் சொல்லித் தனக்கு மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது என்று சொல்லி அழுதாளாம். உண்மையைச் சொல்லுவோமா என்று கணவரிடம் கேட்டுப் பார்த்தேன், பத்துச் சொல்லில் ஒன்றாக 'வேண்டாம்' வந்தது என்றும் சொன்னாளாம்.

இந்த நிலைமையில்தான் நான் அந்த நாவலோடு அந்த வீட்டுக்குப் போகிறேன்.

மீதிப் புத்தகத்தை மூன்று மத்தியானத்தில் வாசித்திருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கொட்டகைக்குப் பின்னால் நின்று வாசித்ததில், ஒரு பெட்டி சிட்னிக்குப் போவதற்குப் பதிலாக பீஜியில் இருக்கிற நாண்டிக்குப் போய்விட்டது. அந்தப் பெட்டிக்காரரிடம் இப்போதும் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. அப்படி ஒரு புத்தகம். மகன் அந்த எண்களின் பின்னால் போகிறான். அவை ஆர்மேனிய எண்கள். அவன் தாய் ஆர்மேனியக் குழந்தையாகப் பிறந்தவள். அவளுடைய ஊரிலிருந்த அத்தனை பேரையும் வீதியில் இறக்கி, பாலைவனம் வரைக்கும் விரட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வழியில் செத்தவர்கள் செத்தார்கள். அந்தச் சிறுமியை ஒரு துருக்கியச் சிப்பாய் வரிசையிலிருந்து இழுத்து, தன் தமக்கையின் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கே அவளுக்குப் புதுப் பெயர், புது மொழி. அவள் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதை தெரியாது. எண்ணுவது மட்டும் அவளை மீறிப் பழைய மொழியிலேயே நடந்துகொண்டிருந்தது.

சர்ச்சை எங்கே வந்தது என்றால், எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை, சும்மா இடம் மாற்றினோம் என்று சொல்கிற துருக்கியர்களுக்கு அந்த வீதியை எழுத்தாளர் எழுதியது பொறுக்கவில்லை. ஆர்மேனியர்களில் சிலருக்கு அந்தச் சிப்பாய் பொறுக்கவில்லை. ஏனென்றால் அவன் வேறு யாரும் இல்லை, அந்த வரிசையைத் தோளில் துவக்கோடு நடத்திக்கொண்டு போனவன். நூறு பேரைத் தள்ளிக்கொண்டு போனவனே ஒரு பிள்ளையை எடுத்துக் காப்பாற்றுகிறான். எழுத்தாளர் அவனை நல்லவன் என்றும் சொல்லவில்லை, கெட்டவன் என்றும் சொல்லவில்லை. அவன் அந்தப் பிள்ளையின் செருப்பு வாரைக் குனிந்து கட்டிவிடுவதை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். நான் அந்தப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். ஒருவனை முழுசாக வெறுக்க விடாமல், முழுசாக மன்னிக்கவும் விடாமல் நடுவில் நிறுத்துவதற்கு எத்தனை தைரியம் வேண்டும். எனக்கு என் கொட்டகை மேலாளரைப் பற்றியே நடுநிலையாக நாலு வரி எழுத வராது.

மனைவிக்குக் கதையைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, இதையா அந்த வீட்டில் சொல்லப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைக்கு மறைத்த கதையை, பிள்ளைக்கு மறைக்கிற வீட்டில் போய்ச் சொல்வதா? வேறு புத்தகம் எடுக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் நல்ல புத்தகம் ஒன்றை வாசித்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பது, நல்ல மாம்பழத்தைத் தின்றவன் கையைக் கழுவாமல் இருப்பது போல. எப்படியும் தெரிந்துவிடும். தவிர, பிள்ளைக்குத் தமிழ் விளங்காது என்று எங்கள் எல்லோருக்கும் திடமான நம்பிக்கை. இங்கே வளர்கிற பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லும். பதில் ஆங்கிலத்தில் வந்தால் காதும் ஆங்கிலம் என்று நினைத்துக்கொள்வோம். வாத்தியாராக இருந்தவன் செய்யக்கூடிய கணக்கா இது?

அந்த ஞாயிறு ஹில்ஸ்பரோ வீட்டின் முறை. மழை. வீட்டில் ஒரு ஹீட்டர்தான். அது முன் அறையில். டாக்டர் அன்றைக்குத் தனியாக வந்திருந்தார். நாங்கள் ஐந்து பேரும் அதைச் சுற்றி வட்டமாக இருந்தோம். பிள்ளை உள்ளறையில் ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள். குளிர் கூடியதும் நிறப் பென்சில்களைத் தூக்கிக்கொண்டு வந்து, தாய் இருந்த சோபாவுக்குப் பின்னால் தரையில் படுத்துக்கொண்டு படம் கீறத் தொடங்கினாள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

நான் கதையைத் தொடங்கினேன். தலைப்பு ஒரு துருக்கிய ஊரின் பெயர். நான் உச்சரித்த விதத்தில் அந்த ஊரில் ஒருவரும் குடியிருந்திருக்க முடியாது. ஆனால் கம்பளி, கண்ணி, விளங்காத எண்கள் என்று நான் சொல்லச் சொல்ல, டாக்டர் கையிலிருந்த முறுக்கைக் கடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் முறுக்கை மறந்தால் கதை நல்ல கதை. சிப்பாய் செருப்பு வாரைக் கட்டிவிடுகிற இடம் வந்தது. அந்த வீட்டுத் தாய் அதுவரை ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். "அண்ணை, அந்த இடத்தை ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன். சொல்லி முடிந்த பிறகும் அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

டாக்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்த வரிசை எதற்காகப் போகிறது என்பது தனக்குச் சரியாகப் பிடிபடவில்லை என்றார். நான், ஊர் ஊராக அவர்களைக் கலைச்சது என்றேன். கலைச்சுக்கொண்டு போனது. அதற்கு மேல் விளக்கம் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

"கலைச்சாங்க, சரி," என்றார் டாக்டர். "கூட்டத்தக் கலைக்கிற மாதிரி, ஊர விட்டுப் பிரிச்சு வேற வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க. தப்புதான், இல்லைங்கல. ஆனா கலைச்சதுக்கா சார் இவ்வளவு பெரிய சண்டை?"

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அவருடைய தமிழில் கலைப்பது என்றால் மாநாட்டுக் கூட்டத்தைப் பொலிஸ் கலைப்பது, சட்டசபையைக் கலைப்பது, வேஷத்தைக் கலைப்பது. எங்கள் தமிழில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒருவன் ஓடி வருவான். ஒரே சொல். நடுவில் ஒரு சின்னக் கடல். பாவம் அந்த மனிதர், தனக்குத் தெரியாமலே, நாவலில் ஒரு துருக்கிய அதிகாரி பேசுவதை வரிக்கு வரி பேசிவிட்டார். இடம் மாற்றினோம், அவ்வளவுதானே. நான் அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அதில்லை டொக்டர்," என்றாள் அந்தத் தாய். அவள் அவரோடு அதுவரை பேசியதெல்லாம் சீனி எத்தனை கரண்டி என்பதுதான். "எங்கட பாஷையில கலைக்கிறதெண்டா, பொல்லோட பின்னால ஓடி வாறது. நிண்டா அடி. விழுந்தாலும் அடி. நெருப்போட வந்தா நெருப்பு." கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்களைக் கலைச்சவை, டொக்டர். அதாலதான் நாங்கள் இஞ்ச இருக்கிறம்."

பிறகு சோபாவின் முதுகுக்கு மேலே இரண்டு கண்கள் எழும்பின.

"ஹூ கலைச்சது யூ, அம்மா?"

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் சேர்த்தால் ஒரு கைக்குட்டையில் எழுதிவிடலாம். வா, போ, சாப்பிடு, காணும், படு. ஆனால் பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று நாளாந்தம் வந்து தாயின் மிளகாய்ச் சாடியைக் கிண்டும். ஜன்னலால் பார்த்துவிட்டு, கலை பிள்ளை, ஓடிப்போய்க் கலை என்று தாய் கத்துவாள். பிள்ளை விளக்குமாற்றோடு ஓடுவாள். மதுரை டாக்டருக்கு விளங்காத சொல் அவளுக்கு உள்ளங்கால் வரைக்கும் விளங்கும். அம்மாவைப் பூனையைப் போல யாரோ கலைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்கிறாள்.

தகப்பன் எழும்பினார். அவர் எழும்பினால் அறை கொஞ்சம் சின்னதாகிவிடும். "அது சும்மா. அங்கிள் புத்தகத்தில இருக்கிறதைச் சொல்லுறார். நீ போய் ரீவியைப் பார்," என்றார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு மாதத்துக்கான பேச்சு. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பார்வையில் தெளிவாக இருந்தது. ஒரு பகிடி. எப்போதும் செய்கிற வேலைதானே. எனக்கு ஒன்று நாக்கின் நுனியில் இருந்தது, நல்லதும்கூட. அந்த நேரம் பார்த்து மனைவி என் தொடையில் கிள்ளினாள். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவள் எனக்குச் செய்த உதவிகளில் அந்தக் கிள்ளலுக்கு முதலிடம் கொடுப்பேன். பகிடி உள்ளேயே செத்தது.

"புத்தகத்தில இருக்கிறதில்லை," என்றாள் தாய். கணவனைப் பார்த்துச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "அந்தப் புத்தகத்தில அந்தப் பொடியன் கதவுக்கு வெளியில நிண்டு கேக்கிறான். இவள் சோபாவுக்குப் பின்னால இருந்து கேக்கிறாள். நான் சொல்லப் போறன்."

அவர் நின்றார். நின்றபடி இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பிள்ளை சோபாவைச் சுற்றி வந்து தாயின் முன்னால் தரையில் இருந்தாள். தாய் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொன்னாள். நான் எத்தனையோ பேர் கதை சொல்லக் கேட்டிருக்கிறேன், நானும் கை கால் ஆட்டிச் சொல்கிறவன். அவள் சொன்னது போலச் சொல்ல எனக்கு வராது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீடு இருந்தது. அதற்கு வாசலில் பச்சைக் கேற். ஒரு நாள் காலையில் ஆட்கள் வீதியால் வந்தார்கள். தமிழர் வீடு எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் பின் மதிலால் இறங்கினோம். நாங்கள் போன பிறகு வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். உன் படமெல்லாம் அதற்குள் இருந்தது.

பிள்ளை என் பக்கம் திரும்பினாள். ஆங்கிலத்தில், அப்படியென்றால் பை என்று ஒன்று இல்லையா என்று கேட்டாள்.

இல்லை பிள்ளை, என்றேன்.

ஹொனலூலூ?

ஹொனலூலூ இருக்கிறது, என்றேன். பைதான் இல்லை.

அவள் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். அதை ஏற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். விமான நிலைய உத்தியோகத்தராக என் மதிப்பு அந்த இடத்தில் அடிபட்டது என்னவோ உண்மை.

மதிலால் இறங்கி எங்கே போனீர்கள் என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். தாய் பிள்ளையைப் பார்க்காமல், எங்கள் முகங்களைப் பார்த்துச் சொன்னாள். பின்வீட்டுச் சிங்கள அம்மா கதவைத் திறந்தா. அவவின் மகன் அன்றைக்கு வீதியில் அந்த ஆட்களோடு நின்றவன். அவன் அவர்களோடு போய்விட்டுச் சாயந்தரம் வீட்டுக்கு வந்தான். எங்களைக் கண்டான். ஒன்றும் பேசாமல் கடைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால்மா வாங்கிக்கொண்டு வந்தான்.

"இதை நான் இஞ்ச ஒருத்தருக்கும் சொன்னதில்லை, அண்ணை," என்றாள் என்னிடம். "இப்ப இருக்கிற நிலைமையில ஆர் கேக்கப் போகினம்? அந்த ஆமிக்காரன் செருப்புக் கட்டினதை நீங்கள் சொல்லேக்கதான் எனக்கு மூச்சு வந்தது."

உண்மைதான். அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் கூடுகிற எந்த இடத்திலும் அப்படி ஒரு மகனுக்கு இருக்க நாற்காலி கிடையாது. முழுதாக நல்ல சிங்களவர் என்றால் அரை மனதோடு கேட்பார்கள். காலையில் கலைக்கப் போய்விட்டுச் சாயந்தரம் பால்மா வாங்கி வந்தவனை எங்கே இருத்துவது? எங்கேயோ துருக்கியில் பிறந்து, தன் ஊருக்கே திரும்பிப் போக முடியாத ஒரு மனிதர் அவனுக்கு ஒரு நாற்காலி செய்து வைத்திருக்கிறார். அதைத்தான் நான் கோவாவுக்குக் கீழே ஒளித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

டாக்டர், தான் அந்த வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டதாகவும், அதற்கு மனதார வருந்துவதாகவும் சொன்னார். தாய் உடனே, நீங்கள் கேட்டிருக்காவிட்டால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன் என்றாள்.

பிள்ளைக்கு இதெல்லாம் முக்கியம் இல்லை. அவளுக்கு வேறு ஒன்று உறைத்திருந்தது. நானும் அங்கே இருந்தேனா, என்று கேட்டாள்.

"இருந்தனி. என்ர மடியில," என்றாள் தாய். "வீதியில ஆக்கள் நிக்கினம். நீ அழத் தொடங்கீட்டாய். நான் உன்ர வாயைப் பொத்தப் போனன். அந்த அம்மா என்ர கையைப் பிடிச்சு எடுத்துப்போட்டா. தமிழில தண்ணி எண்டு கேட்டாத்தான் பயம், இவள் அம்மா எண்டுதானே அழுறாள், என்ர பிள்ளையளும் அம்மா எண்டுதான் அழுறது, அழட்டும் எண்டு சொன்னா."

டாக்டருக்கு அது செய்தி. சிங்களத்திலும் அம்மாவா என்று கேட்டார். ஓம், சிங்களத்திலும் அம்மா, என்றாள் என் மனைவி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நானும் துடைத்திருப்பேன், எனக்குக் கண்ணாடி இல்லை.

பிள்ளை தலையை உயர்த்தி, இன்னும் நின்றுகொண்டிருந்த தகப்பனைப் பார்த்தாள். அப்பா எங்கே இருந்தார் என்று தாயிடம் கேட்டாள்.

தாய் கணவனைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கியது, அவர் சட்டம் போட்டது முழுக்கப் பிள்ளைக்காக மட்டும் இல்லை என்று. அது அவர் சொல்ல வேண்டிய பகுதி. அவள் அதைத் தொடவில்லை.

அவர் மெல்ல வந்து, நாற்காலியில் இராமல், பிள்ளைக்கு முன்னால் கம்பளத்தில் இருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு தரைக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கட்டிலுக்குக் கீழ," என்றார்.

பிள்ளை அவரை மேலிருந்து கீழ் வரை அளந்தாள். பிறகு ஆங்கிலத்தில், நீங்கள் கட்டிலுக்குக் கீழே கொள்ள மாட்டீர்களே என்றாள்.

"கொள்ளேல்லைத்தான். கால் ரெண்டும் வெளியில நீட்டிக்கொண்டு கிடந்தது. அந்த அம்மா ஊத்தை உடுப்பையெல்லாம் கொண்டுவந்து காலுக்கு மேல கொட்டினவ." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. "வாசலுக்கு ஆக்கள் வந்திட்டாங்கள். கதைச்சுக் கேக்குது. நீ மடியால இறங்கி வந்திட்டாய். ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறம் எண்டு நினைச்சிருக்கிறாய். உடுப்பைத் தள்ளிப்போட்டு என்ர காலுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டினனி."

பிள்ளை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு விரலிடுக்கால் வந்தது. தான் அந்த மாதிரி ஒரு வீரச்செயல் செய்திருந்தது அவளுக்கு அதுவரை தெரியாதல்லவா. நீங்கள் சிரித்தீர்களா என்று கேட்டாள்.

"எப்பிடிச் சிரிக்கிறது? உதட்டைக் கடிச்சுக்கொண்டு கிடந்தனான். நீ விடுறாயில்லை."

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குனிந்து, முன்னால் நீட்டியிருந்த அந்தப் பெரிய பாதத்தைப் பிடித்து, உள்ளங்காலில் விரல்களை ஓட்டினாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. முகம் என்னவோ போல் ஆனது. பழக்கத்தில் உதட்டைக் கடித்தார். பிறகு விட்டுவிட்டார். அந்த உடம்பிலிருந்து வந்த சிரிப்புக்கு மேசையில் இருந்த கோப்பைகள் அதிர்ந்தன. பிள்ளை பயந்து கையை எடுத்தாள்.

"ஏன் விட்டனி?" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இப்ப சத்தம் போடலாம், பிள்ளை."